வளையலைப் பார்த்துச் சிரித்தவள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் ராமலட்சுமி தன்னைப் பார்த்தாள்.

கோவில்பட்டி ஊரின் விளிம்பில் இருக்கிற ஒரு தீப்பெட்டி ஆலை அது. குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டியில் அடைப்பது எல்லாம் இப்போது மிஷின் வேலை. அடைத்து வருகிற பெட்டிகளை அடுக்கி, காகிதம் சுற்றிப் பண்டல் கட்டுவது மட்டும் இன்னும் பெண்கள் கையில் இருக்கிறது. ராமலட்சுமி அந்தப் பெண்களில் மூத்தவள். ஐம்பத்தைந்து வயது. நெற்றியில் திருநீற்றுக் கீற்று, வெறும் கழுத்து, வெறும் கை. இளவயதிலேயே வந்து சேர்ந்த கோலம் அது.

சாப்பிட உட்கார்ந்தபோது மாரிச்செல்வி தன் செல்போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"யக்கா, இதப் பாருங்க. இது நீங்கதான?"

சென்னையில் சத்யபிரியா என்றொரு பெண்ணும் ஜெயகிருஷ்ணன் என்றொரு பையனும் சேர்ந்து நடத்துகிற நகைச்சுவை நிகழ்ச்சி அது. 'ஓட்டைத் திரை' என்று பெயர். யாரும் பார்க்காமல் போன சின்னப் படங்கள், அந்தக் காலத்தில் வேனில் வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டிய செய்முறைப் படங்கள், இவற்றைத் தேடிப் பிடித்து ஓடவிடுவார்கள். புகையில்லாத அடுப்பு கட்டுவது எப்படி, கை கழுவுவது எப்படி என்று படம் பாட்டுக்கு ஓடும். இவர்கள் இரண்டு பேரும் ஒரு பழைய சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு கேலி சொல்வார்கள். லட்சக்கணக்கான பேர் பார்க்கிற நிகழ்ச்சி.

அந்த வாரம் அவர்களுக்குச் சிக்கிய படம், பருத்திக்கு மருந்து அடிப்பதைப் பற்றியது. காற்றுக்கு எதிராக நின்று பூச்சிமருந்து அடிக்கிற விவசாயி மயங்கி விழுந்து சாகிறான். அவன் மனைவி அழுகிறாள். அவ்வளவுதான் படம்.

"ஜே.கே., பொணத்தோட காலைப் பாரு. கட்டைவிரல் ஆடுது," என்றாள் சத்யபிரியா.

"உயிர் போயிடுச்சு. விரலுக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரல."

"அந்தம்மா வளையலை உடைக்கணும்ல? ஒவ்வொண்ணா கழட்டி ஓரமா வைக்கிறாங்க."

"சாயங்காலம் கடையில திருப்பிக் குடுக்கணும் போல."

பிறகு படத்தின் ஆரம்பத்துக்குப் போனார்கள். தலையில் கஞ்சிக் கலயத்தோடு ஒரு இளம்பெண் பருத்திக்காட்டு வரப்பில் வருகிறாள். நெற்றியில் பெரிய பொட்டு. தலை நிறையக் கனகாம்பரம். இரண்டு கையிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல். புருஷன் எதிரே நிற்கிறான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"புருஷன் மூஞ்சியையே பார்க்கல. வளையலைப் பார்த்துச் சிரிக்கிறாங்க."

"லவ் மேரேஜ். வளையலோட."

சுற்றி இருந்த பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒருத்திக்குப் புரையேறியது. ராமலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. சோற்றுக் கையை மடியில் வைத்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மொத எடத்த இன்னொருக்க போடு தாயி."

அந்தப் படத்தை அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

ராமலட்சுமி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் பக்கத்துக் கிராமங்களில். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லையென்றால் இல்லை என்று கிடக்கிற கரிசல் காடு. புருஷன் சுடலைராஜ் தூத்துக்குடியில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றப் போவான். வாரக்கடைசியில் வீட்டுக்கு வரும்போது அவன் உடம்பெல்லாம் உப்புப் பூத்திருக்கும், சட்டைப் பைக்குள் காகிதத்தில் பொதிந்த கண்ணாடி வளையல் இருக்கும். போன வாரம் வாங்கியது இன்னும் உடையவில்லையே என்று அவள் சொன்னால், "ஒடையட்டும்னு காத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதியா" என்பான்.

அந்த வாழ்க்கை மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. மஞ்சள்காமாலை கண்ட உடம்போடு மூட்டை தூக்கப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மகன் விஜயராஜ் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

கல்யாணத்தன்று எடுத்த போட்டோ ஒன்றே ஒன்று அந்த வீட்டில் இருந்தது. மாமியார் அதைச் சுவரிலிருந்து கழற்றி, மகனின் நெஞ்சில் வைத்துச் சிதையோடு அனுப்பிவிட்டாள். "எம் பிள்ள தனியாப் போகக் கூடாது" என்று அவள் கதறிய கதறலில் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. ராமலட்சுமிக்கும் தோன்றவில்லை. பொட்டும் பூவுமாக அவள் இருந்த ஒரே படம் அப்படித்தான் சாம்பலானது.

இரண்டு வருஷம் கழித்து மதுரையிலிருந்து ஒரு ஜீப் வந்தது. மருந்தடிப்பதைப் பற்றி விழிப்புணர்வுப் படம் எடுக்கிறவர்கள். விவசாயியாக நடிக்க அந்த ஊர்த் தங்கப்பாண்டியன் முன்வந்தார். கோவில் கொடை விழா நாடகங்களில் ராஜா வேஷம் கட்டி ஆடிய மனுஷர், காமிரா என்றதும் விடுவாரா. பருத்திக்காடும் அவருடையதுதான். மனைவியாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

படத்தின் டைரக்டர் தங்கப்பாண்டியனின் மனைவி சுப்புத்தாயையே கேட்டார்.

"எம் புருசன் சாகுத மாதிரி நடிக்கட்டும், வேண்டாங்கல," என்றாள் அவள். "நான் பொட்ட அழிக்க மாட்டேன். இந்த ஊர்ல எவளும் அழிக்க மாட்டா."

"சும்மா நடிப்புத்தானேம்மா."

"சும்மாதான்னு எமனுக்கு யாரு சொல்லுவா?"

சுப்புத்தாய் அதோடு விடவில்லை. புருஷனைத் தனியே கூப்பிட்டு, "சீவன் போன மாதிரி படுத்துக் கெடக்கும்போது கால் கட்டவெரல ஆட்டிக்கிட்டே இருங்க. அசையாமக் கெடந்தா நெசம்னு ஆயிரும்," என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். தங்கப்பாண்டியன் பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவர். எத்தனை முறை எடுத்தும் பிணத்தின் விரல் ஆடிக்கொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம்.

மனைவி வேஷத்துக்குக் கடைசியில் யாரோ ஒருத்தி வழி சொன்னாள். "ராமலட்சுமியக் கூப்பிடுங்க. அவளுக்கு இனிமே அழிக்க என்ன இருக்கு?"

அவளுக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் போனாள். மாமியார் ஒரு சாவு வீட்டில் துஷ்டி கேட்க வெளியூர் போயிருந்த நாள் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கவேண்டியிருந்தது. போனதற்கு அதையே காரணமாகச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மையான காரணம் வேறு. ஜீப்பில் வந்தவர்கள் ஓட்டப்பிடாரத்தில் வாங்கி வைத்திருந்த வளையலை அவள் போகிறபோக்கில் பார்த்துவிட்டாள்.

தங்கப்பாண்டியன் கிணற்று மோட்டார் ரூமுக்குள் வைத்துச் சுப்புத்தாய் அவளுக்கு வேஷம் கட்டினாள். பூ வைத்தாள், வளையல் போட்டாள். பொட்டு வைக்கிற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"இது ஒனக்கில்லட்டி. படத்துக்கு."

"சரி மதினி."

குங்குமம் நெற்றியில் பட்டதும் ராமலட்சுமி கண்ணாடியைத் தேடினாள். அந்த அறையில் கண்ணாடி இல்லை.

"பொட்டு நேரா இருக்கா மதினி?"

சுப்புத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இருக்கு இருக்கு. வா, நேரமாவுது."

காட்டில் டைரக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். "உங்க வீட்டுக்காரரைப் பாருங்கம்மா. அவரைப் பார்த்துச் சிரிங்க." தங்கப்பாண்டியனை அவள் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவள். அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுஷர் முகத்தைப் பார்த்துப் பெண்டாட்டிச் சிரிப்பு எப்படிச் சிரிப்பது? பார்வை தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் வளையல் இருந்தது. வெயில் பட்டுச் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தது. உப்புப் பூத்த சட்டைப்பை ஒன்று அவள் கண்ணுக்குள் வந்தது. தன்னை மறந்து சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் காமிரா பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் சாவுக் காட்சி. வளையலை அடித்து உடைக்கவேண்டும் என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை ஊரே கூடி அவள் கையைப் பிடித்துக் கல்லில் அடித்து உடைத்திருக்கிறது. தானாக உடைக்க அவளுக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். வெளிச்சம் போகிறதே என்று டைரக்டர் அதையே வைத்துக்கொண்டார். பிறகு அவள் நெற்றியை அழித்தாள், பூவைப் பிய்த்தாள், அழுதாள். போதும் என்று சொன்ன பிறகும் அழுகை நிற்கவில்லை. எழுந்து பார்த்தபோது தரையில் வைத்த வளையல்களைக் காணோம். யார் எடுத்தார்கள் என்று கேட்கிற உரிமை தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு, பம்புசெட்டுத் தண்ணீரில் முகம் கழுவி வீட்டுக்குப் போனாள்.

ஊர் அவளுக்குப் புதுப் பெயர் வைத்தது. 'ரெண்டு மட்டம் அறுத்தவ.' இரண்டு முறை தாலி அறுத்தவள் என்று அர்த்தம். குழாயடியில் குடத்தை வைத்தால், "அவ வாரா, ரெண்டு மட்டம் அறுத்தவ, முன்னால விட்டுருங்க" என்பார்கள். மாமியார் காதுக்கும் போனது. அவள் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எம் மவனுக்குத்தான் அறுத்தேன்னு நெனச்சேன்" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அந்த வாரமே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறியவள்தான் ராமலட்சுமி. பிறகு அந்த ஊரில் வேனில் வந்து அந்தப் படத்தைப் போட்டார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

ஒற்றை அறை வாடகை வீடு, தீப்பெட்டி ஆலை, மகன். அவள் வாழ்க்கை இந்த மூன்றுக்குள் ஓடிப் போயிற்று. விஜயராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அம்மாவைத் தண்ணீர்க் குடம் தூக்கவிடமாட்டான். எந்தப் பலகாரம் வாங்கி வந்தாலும் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் பெண்டாட்டி முத்துச்செல்விக்குக் கொடுப்பான். அவளும் அதற்குச் சடைக்காதவள். அப்படி ஒரு மகன், அப்படி ஒரு மருமகள்.

அன்று ஆலையிலிருந்து வந்ததும் ராமலட்சுமி மருமகளிடம் போனை நீட்டினாள்.

"அந்த 'ஓட்டைத் திரை'ய இதுல எடுத்துக் குடு தாயி. தொட்டா வாரமாதிரி வச்சிரு."

அதுமுதல் வேலை முடிந்து வந்ததும் பின்வாசல் துவைகல்லில் உட்கார்ந்துகொள்வாள். சத்தத்தை முழுக்க அணைத்துவிடுவாள். கேலி பேசுகிற இரண்டு பேரும் வாயசைக்கிற பொம்மைகளாகிவிடுவார்கள். வரப்பில் அந்தப் பெண் நடந்து வருவாள். வளையலைப் பார்த்துச் சிரிப்பாள். ராமலட்சுமி பெருவிரலால் தொட்டு அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவாள்.

இத்தனை வருஷத்தில் அவளுக்கே அந்த முகம் மறந்துபோயிருந்தது. கல்யாணத்தை நினைத்துப் பார்த்தால்கூட மணவறையில் திருநீறு பூசிய நெற்றியோடு தான் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் மனசில் வரும். சுடலைராஜ் சாகும்போது பார்த்துவிட்டுப் போன ராமலட்சுமி எப்படி இருந்தாள் என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இல்லை. இப்போது இருக்கிறது. ஊர் சிரிக்கிற ஒரு வீடியோவுக்குள் அவள் பத்திரமாக இருக்கிறாள். பழைய கேசட், படம் மங்கல். பொட்டு வைத்திருப்பது தெரிகிறது, நேராக இருக்கிறதா என்பது மட்டும் தெரியவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பாள், தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள்.

"அத்தை, அதையே பாத்துப் பாத்து மனசக் கெடுத்துக்கிடாதீங்க," என்றாள் முத்துச்செல்வி.

"நான் சத்தத்த அணைச்சிட்டுத்தான் பாக்கேன் தாயி."

மருமகளுக்கு அது என்ன பதில் என்று விளங்கவில்லை.

விஜயராஜுக்கு விஷயம் ஆட்டோ ஸ்டாண்டில் தெரிந்தது. சாவுக் காட்சியை மட்டும் வெட்டி யார் யாரோ பரப்பிவிட்டிருந்தார்கள். தேர்வில் தோற்றவன், காதலில் தோற்றவன் எல்லாரும் அவன் அம்மா அழுகிற படத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே விஜயராஜு, ஒங்க அய்யா கால் வெரல் இன்னும் ஆடுதாம்ல," என்றான் கூட ஓட்டுகிறவன்.

"அது எங்க அய்யா இல்லல."

"அப்ப யாரு?"

அந்தக் கேள்விக்கு அவன் கை ஓங்கிவிட்டது. நான்கு பேர் பிடித்து விலக்குவதற்குள் அவன் உதடும் கிழிந்திருந்தது. ஓரமாகப் போய் நின்று முழு வீடியோவையும் பார்த்தான். கீழே ஆயிரம் பேர் எழுதியிருந்ததில் ஒருவன் எழுதியிருந்தான்: 'இது எங்க ஊர்ப் பொம்பள. ரெண்டு மட்டம் அறுத்தவ.'

சின்னப் பையனாக ஆச்சி சாவுக்கு அந்த ஊருக்குப் போனபோது அவன் காதில் விழுந்த வார்த்தை அது. அர்த்தம் கேட்டதற்கு அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தான். துவைகல்லில் அம்மா போனைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அழாதம்மா. அத நான் இல்லாம ஆக்குதேன் பாரு."

ராமலட்சுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "எதப்பா?"

"இந்தக் கருமத்தத்தான். போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். நேர்ல போயி அவன் சட்டையப் பிடிப்பேன்."

"வேண்டாம்பா. கெடந்துட்டுப் போவுது. யாரோ சிரிச்சா நமக்கென்ன?"

"ஊரே சிரிக்கி. ஒனக்கு வெக்கமா இல்லயாம்மா?"

வளர்ந்த மகனிடம், பேரப்பிள்ளை எடுக்கப்போகிற வயதில், தாலி அறுத்த ஒருத்தி எப்படிச் சொல்வாள்? 'நான் பூவும் பொட்டுமா இருந்ததப் பாக்க எனக்கு ஆசையா இருக்குய்யா' என்று எந்த வாயால் சொல்வாள்? வார்த்தை தொண்டைவரை வந்தது. மகனின் சிவந்த கண்ணைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

அவன் சொன்னதைச் செய்கிறவன். போன் மேல் போன் போட்டான். கடைசியில் சத்யபிரியாவே பேசினாள். எடுத்த எடுப்பில் அவள் மன்னிப்புத்தான் கேட்டாள். படத்தில் நடித்தவர்கள் உயிரோடு இருப்பார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை என்றாள். நேரில் வந்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றாள்.

"வாங்க. அந்தக் கேசட்டையும் கொண்டுவாங்க," என்றான் விஜயராஜ். "எங்கண் முன்னால அழியணும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்தது. இரண்டு பேருமே சின்னப் பிள்ளைகள். ஜெயகிருஷ்ணன் பழக்கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். சத்யபிரியா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ராமலட்சுமியின் காலைத் தொட்டாள்.

"எந்திரி தாயி. எந்திரி. காப்பி குடிக்கியளா?"

"எங்களை மன்னிச்சிடுங்கம்மா. நாங்க படத்தைத்தான் கிண்டல் பண்ணோம். உங்களைன்னு நினைச்சுப் பண்ணல."

"படத்துல எங்க அம்மாதான இருக்காவ," என்றான் விஜயராஜ். "அவிய மேல படாம படத்த மட்டும் எப்பிடிக் கிண்டல் பண்ணுவிய?"

ஜெயகிருஷ்ணன் மடிக்கணினியைத் திறந்து எல்லாருக்கும் தெரியும்படி முக்காலியில் வைத்தான். சேனலில் இருந்த முழு வீடியோ, கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய பிரதி, இரண்டையும் காட்டினான். வேனில் படம் ஓட்டிய யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து பழைய சாமான் கடைக்குப் போன கேசட்டைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"இது மூணும்தான் இருக்கு சார். முழுப் படம் வேற எங்கேயும் இல்ல." மூலம் அழிந்தால் வெட்டிப் பரப்பிய துண்டுகளும் தானாக அழிந்துவிடும் என்பது விஜயராஜின் கணக்கு.

சத்யபிரியா ராமலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, இதுல இருக்கிறது நீங்க. நீங்க சொல்லுங்க. எடுத்துடட்டுமா?"

இதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. போட்டோவைச் சிதையில் வைத்தபோது கேட்கவில்லை. கையைக் கல்லில் அடித்தபோது கேட்கவில்லை. இந்தச் சென்னைப் பெண் கேட்கிறாள். ஒரு வார்த்தை, 'வேண்டாம்' என்ற ஒரே வார்த்தை போதும்.

ராமலட்சுமி மகனைப் பார்த்தாள். ராத்திரி சரியாகத் தூங்காத முகம். அடிதடியில் கிழிந்த உதடு இன்னும் ஆறவில்லை. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிமிர்ந்து நிற்கிறான். அவனுடைய அந்த நிமிர்வை உடைத்துவிட்டுத் தன் பொட்டைக் காப்பாற்றிக்கொள்வதா?

"எம் பிள்ள சொல்லுதபடி செய்யுங்க தாயி," என்றாள்.

சேனலில் இருந்தது போயிற்று. கணினியில் இருந்ததும் போயிற்று. விஜயராஜ் கேசட்டை எடுத்து முற்றத்துக் கல்லில் போட்டு உடைத்தான். கறுப்பு நாடா குடல் சரிந்ததுபோல் வெளியே வந்தது. அதைச் சுருட்டிக் குவித்துவிட்டுக் கையை நீட்டினான்.

"யம்மா, தீப்பெட்டி எடு."

நாள் முழுக்கத் தீப்பெட்டிக்குக் காகிதம் சுற்றுகிற கை அது. அடுப்பங்கரைக்குப் போய் எடுத்துவந்து மகனிடம் கொடுத்தது. பக்கத்தில் நின்ற முத்துச்செல்வி அந்தக் கை பெட்டியைச் சட்டென்று விடாததைப் பார்த்தாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். எதையோ புரிந்துகொண்டவள்போல, "ஏங்க, செத்த இருங்க" என்றாள். அதற்குள் குச்சி பற்றிவிட்டது. நாடா சுருண்டு, உருகி, மூக்கை அடைக்கிற புகையாகி எழுந்தது.

"முடிஞ்சிதும்மா," என்றான் விஜயராஜ். "இனிமே ஒருத்தனும் ஒன்னப் பாத்துச் சிரிக்க முடியாது."

"ஆமாய்யா," என்றாள் அவள். "புகை கண்ணுல அடிக்கி, இங்கிட்டு வா."

விருந்தாளிகளை வழியனுப்பத் தெருமுனைவரை அவள்தான் போனாள். ஜெயகிருஷ்ணன் காரில் ஏறிவிட்டான். சத்யபிரியாவுக்கு ஏறப் பிடிக்கவில்லை.

"அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? அந்த முதல் சீன்ல நீங்க அவ்வளவு அழகா இருந்தீங்க. ஜோக் எழுதறதுக்காகப் பார்க்க ஆரம்பிச்சேன். அப்புறம் அதுக்காகவே நிறையத் தடவை பார்த்தேன்."

"எந்த எடத்துல தாயி?"

"வளையலைப் பார்த்துச் சிரிப்பீங்களே, அங்க."

ராமலட்சுமி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மகன் வாசலில் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நீங்க பெரிய டிவியில பாத்திருப்பியல்லா? எனக்கு இந்தப் போனுல சரியாத் தெரியல. பொட்டு நேரா இருந்துச்சா?"

சத்யபிரியா அந்தத் திருநீறு பூசிய நெற்றியைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. விளங்கிய நேரத்தில் புகைகூட அடங்கியிருந்தது.

"அம்மா, உள்ளே வச்சு நான் கேட்டேனே. அப்பவே ஒரு வார்த்தை..."

"பிள்ள நின்னானே தாயி."

"நேரா இருந்துச்சும்மா," என்றாள் சத்யபிரியா. "ரொம்ப நேரா இருந்துச்சு."

"வச்சவிய கண்ணத் திருப்பிக்கிட்டுச் சொன்னாவ, அதான் கேட்டேன்," என்றாள் ராமலட்சுமி. "ஏறுங்க. வெயில் ஏறுதக்கு முந்தி கெளம்புங்க."

மறுநாள் ஆலையில் பண்டல் கட்டிக்கொண்டிருக்கும்போது மாரிச்செல்வி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, அந்த வீடியோவக் காணுமே."

"எம் மகன் எடுக்கச் சொல்லிட்டான்," என்றாள் ராமலட்சுமி. குரலில் பெருமை இருந்தது. பொய்ப் பெருமை இல்லை.

"முழுசாத்தான் இல்ல யக்கா. இந்த வெட்டின துண்டு இன்னும் ஓடுது. நேத்துகூட எங்க குரூப்புல போட்டிருந்தாவ."

மாரிச்செல்வியின் போனில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். பூ இல்லை, வளையல் இல்லை, நெற்றியில் அழித்த தடம் மட்டும். அதை உலகம் பத்திரமாக வைத்திருந்தது.

ராமலட்சுமி அதைப் பார்த்தாள். பிறகு அடுத்த காகிதத்தை எடுத்துப் பசை தடவினாள்.

"எம் மகன்கிட்ட சொல்லிராத தாயி. எல்லாம் போயிட்டுன்னு நெனச்சு நேத்துத்தான் நல்லாத் தூங்கினான்."